கல்லூரிக் கட்டுரைக்கு ஆதாரம் எங்கே தேடுவது? நூலக அட்டவணை, தரவுத்தளம், கூகுள் ஸ்காலர்: ஓர் ஒப்பீடு

கட்டுரை எழுதும் பயிற்சி வகுப்பில் ஆய்வுக் கட்டுரை கேட்டால் நிபந்தனை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: 1,500 சொற்கள், ஆறு ஆதாரங்கள், அவற்றில் குறைந்தது மூன்று சக மதிப்பாய்வு பெற்ற (அதே துறையினர் படித்துச் சரிபார்த்த) ஆய்விதழ்க் கட்டுரைகள், இரண்டு வாரக் கெடு. தலைப்பு எப்படியோ கிடைத்துவிடும். எங்கே தேடுவது என்பதில்தான் திணறல். நூலக இணையதளத்தைத் திறந்தால் நடுவில் ஒரு பெரிய தேடல் பெட்டி, மேலே புத்தகங்களுக்கு ஒரு தாவல், ஆய்விதழ்களுக்கு ஒரு தாவல், அகரவரிசையில் நீளும் தரவுத்தளப் பட்டியல். எதைத் தொடுவது என்று தெரியாமல் பக்கத்தை மூடிவிட்டுப் பழகிய கூகுளுக்கே திரும்பிவிடுகிறார்கள்.

ஆறு ஆதாரங்களையும் ஒரே இடத்தில் பிடித்துவிட நினைப்பதுதான் நேரத்தைத் தின்கிறது. கட்டுரை இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்த்து அதற்கேற்ற இடத்துக்குப் போக வேண்டும். ஒப்பிட வசதியாக ஒரே கேள்வியை எல்லா இடத்திலும் போட்டுப் பார்ப்போம்: தூக்கக் குறைவு கல்லூரி மாணவர்களின் படிப்பைப் பாதிக்கிறதா?

## எதை வைத்து அளப்பது

வடிகட்டியவர் யார்? புத்தகம் என்றால் பதிப்பாசிரியரும், அதை வாங்க முடிவெடுத்த நூலகரும். ஆய்விதழ் என்றால் அதே துறையைச் சேர்ந்த மதிப்பாய்வாளர்கள். வலைப்பக்கம் என்றால் யாருமே இல்லாமலும் இருக்கலாம்.

முழு உரை கைக்கு வருமா? சுருக்கத்தை மட்டும் படித்து மேற்கோள் காட்டுவது ஆபத்து. சுருக்கத்தில் முடிவு இருக்கும். அந்த முடிவு எத்தனை பேரிடமிருந்து, எப்படிப் பெறப்பட்டது, ஆய்வாளர்களே ஒப்புக்கொள்ளும் குறை என்ன என்பதெல்லாம் உள்ளேதான் இருக்கும்.

படித்தால் புரியுமா? இதை யாரும் அளவுகோலாகச் சொல்வதில்லை. முதலாண்டு மாணவருக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம் என்பது என் கருத்து. புரியாத புள்ளியியல் கட்டுரையிலிருந்து ஒரு வரியை உருவி ஒட்டினால், 'இது எதைக் காட்டுகிறது?' என்று ஆசிரியர் கேட்ட இடத்திலேயே வாதம் சரிந்துவிடும்.

கண்டுபிடிக்கும் நேரம் ஒன்று, சரிபார்க்கும் நேரம் இன்னொன்று. இரண்டையும் கூட்டித்தான் கணக்குப் போட வேண்டும். இரண்டு நிமிடத்தில் கிடைத்த ஆதாரத்தைச் சரிபார்க்க அரை மணி நேரம் ஆனால், அது இரண்டு நிமிட ஆதாரம் ஆகாது.

நூல்விவரம் முழுமையாக வருமா? ஆசிரியர், ஆண்டு, இதழின் தொகுதி, வெளியீட்டு எண், பக்கம், 10 என்ற எண்ணில் தொடங்கும் டிஓஐ (கட்டுரைக்கென இடப்படும் நிலையான இணைய அடையாள எண்). இவற்றில் ஒன்று குறைந்தாலும் கடைசி இரவில் தேடி அலைய நேரும்.

## நூலக அட்டவணையும் அலமாரியும்

ஓபாக் என்று அழைக்கப்படும் அட்டவணை, நூலகத்தில் உள்ள புத்தகங்களைக் காட்டும். தலைப்பு இன்னும் கூர்மைப்படாத நிலையில் இதற்கு இணையே இல்லை. தூக்கம் பற்றிய ஒரு பொது நூலின் பொருளடக்கமே துறையின் வரைபடம். தூக்கத்தின் அளவு வேறு, தரம் வேறு, நேரம் தவறிய தூக்கம் வேறு என்ற பிரிவுகள் அங்கேதான் முதலில் கண்ணில் படும். அந்தப் பிரிவுகளின் பெயர்களே பிறகு தரவுத்தளத்தில் போடும் தேடுசொற்கள்.

முழுப் புத்தகத்தையும் படிக்க வேண்டியதில்லை. பின்னால் உள்ள சொல்லடைவில் தேடுசொல்லைப் பார்த்து, எந்தப் பக்கங்களில் அது தொடர்ந்து வருகிறதோ அந்த அத்தியாயத்தை மட்டும் படிக்கலாம். அத்தியாய முடிவில் உள்ள நூற்பட்டியல் இன்னொருவர் வடிகட்டிக் கொடுத்த வாசிப்புப் பட்டியல்.

மறைந்திருக்கும் செலவு அலமாரியில் இருக்கிறது. மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறை புத்தகங்களைத் துறைவாரியாகப் பிரிக்கிறது. ஆகவே ஒரே பொருள் பல இடங்களில் சிதறும். தூக்கத்தை உளவியலாகப் பேசும் நூல் 154.6-இல் இருக்கும். உடலியங்கியலாகப் பேசுவது 612.821-இல். தூக்கக் கோளாறு மருத்துவமாக 616.8498-இல். கல்லூரிக் கல்வி 378-இல். ஓர் அலமாரியில் மட்டும் நின்று 'வேறு ஒன்றும் இல்லை' என்று திரும்புகிறவர்கள் மற்ற மூன்றையும் தவறவிடுகிறார்கள். அட்டவணையில் கிடைத்த ஒரு நல்ல நூலின் பதிவைத் திறந்து, அதில் உள்ள பொருள் தலைப்பை (நூல் எதைப் பற்றியது என்று நூலகம் இடும் சொல்லை) சொடுக்கினால் சிதறிய எல்லாம் ஒரே பட்டியலில் சேரும்.

பல ஆசிரியர்கள் எழுதிய தொகுப்பு நூல்களில் இன்னொரு சிக்கல் உண்டு. உள்ளே உள்ள அத்தியாயத் தலைப்புகள் எல்லாப் பதிவுகளிலும் ஏற்றப்பட்டிருக்காது. உங்களுக்கு வேண்டிய இருபது பக்கம் அப்படி ஒரு நூலுக்குள் ஒளிந்திருக்கலாம். தேடுசொல்லைக் கொஞ்சம் அகலமாக்கினால்தான் அந்த நூல் தென்படும்.

புத்தகம் எழுதி அச்சாக ஆண்டுக்கணக்கில் ஆகும். போன ஆண்டு மாறிய ஒன்றைப் பற்றி எழுதுகிறீர்கள் என்றால் இங்கே நேரம் செலவிட வேண்டாம்.

## முகப்புப் பக்கத்தின் ஒற்றைத் தேடல் பெட்டி

புத்தகம், ஆய்விதழ், செய்தித்தாள், ஆய்வேடு எல்லாவற்றையும் ஒரே வீச்சில் தேடும் பெட்டி இது. நூலகத்தில் என்னென்ன இருக்கிறது என்று நோட்டம் விட நல்லது. தலைப்பு அரிதாக இருந்தால், பத்துத் துறைகளில் எங்கே ஒளிந்திருந்தாலும் காட்டிக்கொடுக்கும்.

தூக்கம் போன்ற பரவலான தலைப்பில் இதே பெட்டி லட்சக்கணக்கில் முடிவுகளைக் கொட்டும். நூல் மதிப்புரை, செய்தித் துணுக்கு, மாநாட்டு அறிவிப்பு எல்லாம் கலந்து வரும். ஒவ்வொரு தரவுத்தளமும் தனக்கென வைத்திருக்கும் நுண்ணிய வடிகட்டிகள் இங்கே கிடைப்பதில்லை. பதினைந்து நிமிடம் போதும். அதற்குள் ஒன்றும் அமையவில்லை என்றால் துறைத் தரவுத்தளத்துக்குப் போய்விடுங்கள்.

## துறைத் தரவுத்தளம்

சக மதிப்பாய்வு பெற்ற மூன்று கட்டுரைகள் வேண்டும் என்ற நிபந்தனைக்கு நேரான வழி இது. தரவுத்தளம் என்பது ஒரு துறையின் ஆய்விதழ்க் கட்டுரைகளைத் திரட்டித் தேட வைக்கும் தளம். முதலில் தீர்மானிக்க வேண்டியது எந்தத் தரவுத்தளம் என்பது. கல்வியியலுக்கு எரிக். மருத்துவத்துக்கும் உடல்நலத்துக்கும் 1996-இலிருந்து இயங்கும் பப்மெட். இந்த இரண்டையும் தேட யாருக்கும் கட்டணம் இல்லை. உளவியலுக்கு சைக்இன்ஃபோ, பல துறைகளும் கலந்த எப்ஸ்கோ, புரோக்வெஸ்ட் போன்றவை நூலகத்தின் சந்தா வழியாகக் கிடைக்கும். இலக்கியம், வரலாறு, தத்துவம் என்றால் 1995-இல் தொடங்கிய ஜேஸ்டோர் மிக வளமானது. ஆனால் அதில் பல இதழ்களுக்கு 'நகரும் சுவர்' என்ற இடைவெளி உண்டு. கடைசி மூன்று முதல் ஐந்து ஆண்டுகளின் இதழ்கள் அங்கே இருக்காது. புதிய தலைப்போடு ஜேஸ்டோருக்குப் போய் 'ஒன்றுமே இல்லை' என்று முடிவுகட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு.

அடுத்தது தேடும் முறை. கேள்வியை முழு வாக்கியமாக அடித்தால் பெரும்பாலான தரவுத்தளங்கள் தடுமாறும். கருத்துகளாக உடைக்க வேண்டும். நம் கேள்வியில் மூன்று கருத்துகள்: தூக்கம், கல்லூரி மாணவர், படிப்புத் திறன்.

1. மேம்பட்ட தேடல் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு வரிசை ஒதுக்குங்கள்.
2. ஒரே வரிசைக்குள் ஒத்த சொற்களை 'ஆர்' (OR) என்ற இணைப்பால் சேருங்கள்: ஸ்லீப் டிப்ரைவேஷன் ஆர் இன்சோம்னியா ஆர் ஸ்லீப் குவாலிட்டி. இரண்டு சொற்கள் சேர்ந்தே வர வேண்டும் என்றால் மேற்கோள் குறிக்குள் இடுங்கள்.
3. வரிசைகளுக்கு இடையே 'ஆண்ட்' (AND) இருக்கட்டும். இந்த இணைப்புகளை ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடிப்பது எங்கும் பாதுகாப்பு.
4. சொல்லின் பல வடிவங்கள் வேண்டுமானால் வேர் வரை அடித்து உடுக்குறி (*) இடுங்கள். மிகச் சிறிதாக வெட்டிவிடக் கூடாது. பூனையைக் குறிக்கும் கேட் என்ற மூன்றெழுத்துக்குப் பின் உடுக்குறி வைத்தால் கேட்டலாக், கேட்டகரி எல்லாம் வந்து குவியும்.
5. முதல் பக்கத்தில் பொருத்தமான ஒரு கட்டுரையைத் திறந்து, அதற்கு அந்தத் தரவுத்தளம் இட்டிருக்கும் பொருள் தலைப்புகளைக் குறித்துக்கொண்டு மறுபடி தேடுங்கள்.

ஐந்தாவது படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் சொந்த அகராதி இருக்கிறது. நாம் 'படிப்புத் திறன்' என்று நினைப்பதை எரிக் 'அகாடமிக் அச்சீவ்மெண்ட்' என்ற தலைப்பில் அடுக்குகிறது. நாம் இன்சோம்னியா என்று சொல்வது பப்மெட்டின் அகராதியில் 'ஸ்லீப் இனிஷியேஷன் அண்ட் மெயின்டனன்ஸ் டிஸார்டர்ஸ்'. பப்மெட் இந்த மொழிபெயர்ப்பைத் தானே செய்துகொள்ளும்; எல்லாத் தரவுத்தளமும் செய்யாது. 'என் தலைப்பில் ஆய்வே இல்லை' என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது தவறான சொல்.

வடிகட்டிகளிலும் கண்ணி இருக்கிறது. 'சக மதிப்பாய்வு' என்ற பெட்டியில் குறியிட்டால் அது இதழைத்தான் வடிகட்டும், கட்டுரையை அன்று. அதே இதழில் வரும் தலையங்கம், நூல் மதிப்புரை, ஆசிரியருக்குக் கடிதம் எல்லாம் உள்ளே நுழைந்துவிடும். ஒன்றிரண்டு பக்கத்தில் முடிகிற, நூற்பட்டியல் இல்லாத 'கட்டுரை' கிடைத்தால் சந்தேகப்படுங்கள். எரிக்கில் இன்னொரு எளிய அடையாளம் உண்டு. பதிவு எண் இஜே (EJ) என்று தொடங்கினால் ஆய்விதழ்க் கட்டுரை. இடி (ED) என்று தொடங்கினால் அறிக்கை, மாநாட்டு உரை போன்ற மற்றவை.

'முழு உரை மட்டும்' என்ற பெட்டியைத் தொடக்கத்திலேயே தட்டாதீர்கள். உங்கள் நூலகம் வேறொரு தரவுத்தளத்தில் சந்தா கட்டி வைத்திருக்கும் கட்டுரைகூட அப்போது மறைந்துபோகும். குறியில்லாமல் தேடி, கட்டுரைக்குப் பக்கத்தில் உள்ள 'முழு உரையைக் கண்டுபிடி' என்ற இணைப்பைச் சொடுக்கினால் அது இருக்கும் இடத்துக்கு அழைத்துப் போகும்.

இன்னொன்று, பார்க்கச் சின்னது. முகவரிப் பட்டையில் இருப்பதை நகலெடுத்து வைத்துக்கொண்டால் மறுநாள் திறக்காமல் போகலாம். பல தரவுத்தளங்களில் அது அந்த அமர்வோடு காலாவதியாகும். 'நிலையான இணைப்பு' என்ற பொத்தானைத் தேடி அதைச் சேமியுங்கள், அல்லது டிஓஐ எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

## கூகுள் ஸ்காலர்

2004 நவம்பரில் வந்த இந்தத் தேடலின் பலம் இரண்டு: பழகிய பெட்டி, துறை எல்லை இல்லாத வீச்சு. ஆனால் இதன் உண்மையான மதிப்பு தேடல் பெட்டியில் இல்லை. ஒவ்வொரு முடிவின் கீழும் சின்ன எழுத்தில் இருக்கும் இணைப்புகளில் இருக்கிறது.

உங்களிடம் ஏற்கெனவே ஒரு நல்ல கட்டுரை இருக்கிறது, 2010-இல் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அதன் நூற்பட்டியல் உங்களைப் பின்னோக்கி அழைத்துப் போகும். ஸ்காலரில் அதன் தலைப்பை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடி, கீழே உள்ள 'சைட்டட் பை' என்ற எண்ணைச் சொடுக்கினால் முன்னோக்கிப் போகலாம். பிறகு வந்தவர்கள் அதை ஏற்றார்களா, மறுத்தார்களா, திருத்தினார்களா என்பது அங்கே தெரியும். அந்தப் பட்டியலுக்குள் மட்டும் தேடும் பெட்டியும் உண்டு. அதில் கல்லூரி மாணவருக்கான சொல்லைப் போட்டால் ஆயிரம் பத்தாகச் சுருங்கும். எதிர்வாதப் பத்திக்கு ஆதாரம் தேட இதைவிட வேகமான வழி இல்லை.

'எல்லாப் பதிப்புகளும்' என்ற இணைப்பில் இலவச பிடிஎஃப் கிடைக்கலாம். அது வெளியீட்டுக்கு முந்தைய வரைவாக இருந்தால் பக்க எண் மாறும், சில நேரம் முடிவுகளே மாறியிருக்கும். படித்தது எந்தப் பதிப்போ அதையே மேற்கோளில் குறிப்பிடுங்கள். அமைப்புப் பக்கத்தில் 'நூலக இணைப்புகள்' பகுதியில் உங்கள் கல்லூரி நூலகத்தைச் சேர்த்துவிட்டால், சந்தா உள்ள கட்டுரைகளுக்கு அருகிலேயே வழி காட்டும். ஒரு நிமிட வேலை. இதைச் செய்யாமல்தான் நூலகம் ஏற்கெனவே பணம் கட்டிய கட்டுரைக்கு மாணவர் தன் கையிலிருந்து பணம் கட்டுகிறார்.

இனி மறைந்திருக்கும் செலவுகள். சக மதிப்பாய்வு வடிகட்டி ஸ்காலரில் கிடையாது. ஆய்வேடு, வரைவு, பணம் வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் போலி இதழ் எல்லாம் ஒரே தோற்றத்தில் வரிசையாக நிற்கும். பிரித்தறியும் வேலை முழுவதும் உங்கள் தலையில். அதிகம் மேற்கோள் காட்டப்பட்டவை மேலே வருவதால் பழைய கட்டுரைகள் முன்னால் நிற்கும். இடப்பக்கத்தில் ஆண்டு வரம்பு இடாமல் தேடவே வேண்டாம். உடுக்குறி இங்கே வேலை செய்யாது. லட்சம் முடிவு என்று காட்டினாலும் முதல் 1,000-ஐத்தான் பார்க்க முடியும். 'மேற்கோள்' பொத்தான் தரும் விவரத்தில் ஆசிரியர் பெயர் முழுவதும் பெரிய எழுத்தில் வருவதும், வெளியீட்டு எண் விடுபடுவதும் வழக்கம். கட்டுரையின் முதல் பக்கத்தோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

## கலைக்களஞ்சியமும் திறந்த வலையும்

விக்கிப்பீடியாவைப் படிக்கத் தடை ஏதும் இல்லை. ஆதாரமாகக் காட்டாமல் இருந்தால் போதும். கலைச்சொற்களைத் தெரிந்துகொள்ளவும், அடிக்குறிப்பு வழியாக மூல ஆதாரத்துக்குப் போகவும் அது உதவும். அரசுப் புள்ளிவிவரம், சட்ட வாசகம், சுகாதார நிறுவன அறிக்கை போன்றவற்றுக்குத் திறந்த வலைதான் முதல் இடம், ஏனெனில் மூலமே அங்கேதான் வெளியாகிறது. பக்கம் மறைந்துவிடும் என்பது செலவு. இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் ஒரு நகல் சேமித்து, பார்த்த தேதியையும் எழுதி வையுங்கள்.

## செயற்கை நுண்ணறிவு உரையாடிகள்

சாட்ஜிபிடி போன்றவற்றிடம் 'ஆறு ஆதாரம் கொடு' என்று கேட்பதுதான் இந்தப் பட்டியலிலேயே அதிகம் செலவு வைக்கும் வழி. இல்லாத கட்டுரைக்கு உண்மையான இதழின் பெயர், நம்பும்படியான ஆசிரியர்கள், வேறொரு கட்டுரைக்குப் போகும் டிஓஐ என்று சேர்த்துத் தரக்கூடும். 2023-இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் இருவர், உரையாடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளை மனுவில் மேற்கோள் காட்டியதால் நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. கல்லூரியில் அது கல்வி நேர்மை மீறலாகவே பார்க்கப்படும்.

ஒத்த சொல் கேட்கலாம். 'தூக்கக் குறைவை உளவியலாளர்கள் வேறு எந்தப் பெயர்களில் சொல்கிறார்கள்?' என்ற கேள்விக்கு வரும் பதில் தவறாகவே இருந்தாலும் இழப்பில்லை. தரவுத்தளத்தில் போட்டதும் தெரிந்துவிடும். கட்டுரைப் பெயர் எதையாவது தந்தால், டிஓஐ எண்ணை அதற்கான இணையதளத்தில் இட்டுத் திறந்து, தலைப்பும் ஆசிரியரும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே தொடுங்கள்.

## நூலகர்

நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமி என்பது. மேசைக்குப் பின்னால் இருப்பவரின் வேலையே அது. மாணவர்கள் அவரிடம் போகத் தயங்குவதும், போனாலும் 'தூக்கம் பத்தி புக் வேணும்' என்று மட்டும் கேட்பதும்தான் வருத்தம். பணித்தாளையும், இதுவரை போட்ட தேடுசொற்களையும், கிடைத்த ஒரு கட்டுரையையும் கையோடு கொண்டுபோங்கள். எந்தத் தரவுத்தளம், எந்தப் பொருள் தலைப்பு என்று அவர் அங்கேயே காட்டிவிடுவார். உங்கள் நூலகத்தில் இல்லாததைப் பிற நூலகத்திலிருந்து வரவழைக்கும் சேவையும் அவர் வழியாகத்தான். கட்டுரையின் நகல் சில நாளில் வரும். புத்தகம் வர ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம்.

## ஒரே பார்வையில்

| இடம் | எப்போது போகலாம் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|
| நூலக அட்டவணை | தலைப்பு அகலமாக இருக்கும்போது | சிதறிய அலமாரிகள், பழைய தகவல் |
| ஒற்றைத் தேடல் பெட்டி | தலைப்பு அரிதாக இருக்கும்போது | வேண்டாத முடிவுகளின் குவியல் |
| துறைத் தரவுத்தளம் | சக மதிப்பாய்வு கட்டாயம் என்றால் | அதன் அகராதியைக் கற்கும் நேரம் |
| கூகுள் ஸ்காலர் | கையில் ஒரு நல்ல கட்டுரை இருந்தால் | தரம் பிரிக்கும் வேலை முழுவதும் நம்முடையது |
| திறந்த வலை | அரசு எண்கள், மூல ஆவணங்கள் | மறைந்துபோகும் பக்கங்கள் |
| உரையாடி | தேடுசொற்களைப் பெருக்க | இல்லாத ஆதாரங்கள் |
| நூலகர் | அரை மணி நேரம் தேடியும் அமையாதபோது | அவர் இருக்கும் நேரத்தில் போக வேண்டும் |

## இரண்டு வாரம் இருந்தால், ஓர் இரவு மட்டும் இருந்தால்

இரண்டு வாரம் இருந்தால் முதல் இரண்டு நாளை அட்டவணைக்குக் கொடுங்கள். ஒரு பொது நூலில் ஓர் அத்தியாயம், அதிலிருந்து பத்துத் தேடுசொற்கள். மூன்றாம் நாள் துறைத் தரவுத்தளம். அங்கே முதலில் தேட வேண்டியது ஆய்வு மீள்பார்வைக் கட்டுரை, அதாவது அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கட்டுரை. தனி ஆய்வைவிட அது படிக்க எளிது. அதன் நூற்பட்டியலிலிருந்தே இரண்டு ஆதாரம் எடுத்துவிடலாம். வரவழைக்க வேண்டியவற்றை முதல் வாரத்துக்குள் கேட்டுவிடுங்கள். ஐந்தாம் நாள் ஸ்காலரில் முன்னோக்கிப் போய் எதிர்வாதத்தைத் தேடுங்கள்.

தலைப்பு இலக்கியம் என்றால் வரிசை மாறும். அட்டவணையும் ஜேஸ்டோரும் முன்னால் வரும். பழைய கட்டுரை என்பது அங்கே குறையாகாது. அண்மைத் தொழில்நுட்பம் என்றால் புத்தகத்தை விட்டுவிட்டுத் தரவுத்தளத்தில் கடைசி மூன்று ஆண்டு என்று வரம்பிட்டுத் தொடங்குங்கள்.

ஓர் இரவுதான் மீதம் என்றால் ஒரே ஒரு தரவுத்தளத்தைத் திறங்கள். மேலே தட்ட வேண்டாம் என்று சொன்ன 'முழு உரை மட்டும்' பெட்டியை இப்போது தட்டலாம், ஏனெனில் காத்திருக்க நேரமில்லை. சக மதிப்பாய்வு, கடைசிப் பத்து ஆண்டு என்ற இரண்டு குறிகளையும் சேர்த்துத் தேடி, ஒவ்வொரு கட்டுரையிலும் சுருக்கம், முன்னுரையின் கடைசிப் பத்தி, விவாதப் பகுதி என்ற வரிசையில் படியுங்கள். இந்த மூன்றிலும் சொல்லப்படுவது என்னவென்று உங்கள் சொல்லில் இரண்டு வரி எழுத முடியாத கட்டுரையை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எடுத்துக்கொண்ட ஒவ்வொன்றின் பிடிஎஃபையும் ஆசிரியர் பெயரும் ஆண்டும் வைத்துச் சேமித்து, மேற்கோள் எடுத்த பக்க எண்ணை அப்போதே குறித்துவிடுங்கள்.